பென்சில் வரியையும் ஏற்றுங்கள்

ஹெர்பேரியத் தாள்களை (செடிகளை அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாள்களை) கணினியில் ஏற்றும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். லோனிசெரா, அதாவது ஹனிசக்கிள் தாள்களைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது மடல் இது. முதல் இரண்டுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. நன்றி. அந்தப் பதிலை மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் அனுப்புகிறீர்கள். லேபிள்களை அப்படி ஏற்றுவதில்லை என்பதுதான் என் குறை.

போன மாதம் காட்டு ஹனிசக்கிள் புதர் ஒன்று எங்கெல்லாம் வளர்கிறது என்று உங்கள் பதிவுகளை வைத்து வரைபடம் போட்டேன். எல்லாப் புள்ளிகளும் ஒரே மலைச்சரிவில் கூடி நிற்க, ஒன்று மட்டும் வெகு தள்ளித் தனியாக நின்றது. பெயர், தேதி, சேகரிப்பு எண் எல்லாம் சரி. குறிப்புக்கான கட்டம் காலி. புது இடம் சிக்கிவிட்டது என்று கிளம்பிப்போய் ஒரு பகல் முழுக்க அலைந்தேன். முள் குத்தியதுதான் மிச்சம். அப்புறம் நேரில் வந்து தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், லேபிளின் அடியில் பென்சிலில் ஒரு வரி: "பூ வெள்ளை, மறுநாள் மஞ்சள். தண்டின் உள்ளே வெற்றிடம். வேலிக்காக நட்டது."

நட்டது! அச்சடித்த நான்கு வரிகளை ஏற்றியவர் இதை விட்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை தாள் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்தது அவர் இல்லையே.

ஹனிசக்கிள் குடும்பத்தில் அந்த ஒரு வரிதான் உயிர். அழுத்திக் காயவைத்த பூ வெள்ளையோ மஞ்சளோ, கடைசியில் பழுப்புதான். கிழக்கு அமெரிக்காவில் களையாகப் பரவிவிட்ட மாக்கி, டட்டாரிகா என்ற லோனிசெரா புதர்களுக்குத் தண்டின் உள்ளே வெற்றிடம். அந்த மண்ணின் லோனிசெரா புதர்களுக்குக் கெட்டி. குச்சியை ஒடித்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். நீங்கள் எடுத்துப்போடும் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் தண்டின் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன்: லேபிளில் இருப்பதை இருக்கிறபடியே, கடைசி வரி வரை ஏற்றுங்கள்.

பெயர் விஷயமும் இருக்கிறது. ஹனிசக்கிள் குடும்பத்தின் பெயரான கேப்ரிஃபோலியேசி என்று தேடினால் சாம்புகஸ், வைபர்னம் செடிகளும் வந்து நிற்கின்றன. அவை வேறு குடும்பத்துக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது. ஏ.பி.ஜி. என்ற தாவரவியலாளர் குழு 2009இல் வெளியிட்ட, பூக்கும் செடிகளுக்கான மூன்றாம் வகைப்பாட்டில் இந்தக் குடும்பத்துக்குள் வந்த வலேரியன் செடியைத் தேடினால் காணோம். வீடு மாறியவர்களுக்குப் பழைய முகவரியிலேயே தபால் போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னொரு பக்கம், யாராவது புதுப் பெயர்ச் சீட்டு ஒட்டினால் பதிவில் பழைய பெயரைத் துடைத்தே விடுகிறீர்கள். தாளில் இரண்டு சீட்டும் சமத்தாக ஒட்டிக்கொண்டிருக்க, கணினிக்கு மட்டும் என்ன அவசரமோ.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தச் சொல்லவில்லை. முதலில் லோனிசெரா தாள்களையாவது மறுபடி எடுத்து, கையெழுத்து வரிகளை உள்ளபடியே ஏற்றித் தாருங்கள். 'காட்டில் வளர்ந்தது', 'நட்டது' என்பதற்குத் தனிக் கட்டம் ஒன்று வையுங்கள். லேபிளில் எதுவும் சொல்லவில்லை என்றால் அது காலியாகவே இருக்கட்டும், நீங்களாக எதையும் நிரப்ப வேண்டாம்.

நான் சொன்ன தாளின் எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பென்சில் எழுத்து மங்கிப்போயிருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பதிவுகளைத் தினமும் புரட்டும் ஒருவர்