‘உது’ பிழையில்லை: சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கும் புள்ளித்திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். வலய மட்டச் சிறுகதைப் போட்டியின் முடிவு வந்து மூன்று கிழமையாகிறது. எந்தக் கதையைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவரும் கனடாவில் இருக்கும் அவரது மகனும் வீடியோ அழைப்பில் கதைக்கும் கதை. எழுதியவள் என்னிடம் தரம் 10 இல் தமிழ் படிக்கும் பிள்ளை. இடம் கிடைக்காதது பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. அதைவிட நல்ல கதைகள் வந்திருக்கலாம். அலுவலகத்தில் எனக்குக் காட்டப்பட்ட தாளில் இருந்த சிவப்பு மையைப் பற்றித்தான் இந்த மடல்.

கைத்தொலைபேசித் திரையைப் பார்த்து ஆச்சி கேட்கிறார்:

“உதென்ன மோனை, உன்ரை பின்னாலை நிக்கிற மரம்? ஒரு இலையும் இல்லை. பட்டுப்போச்சே? ரண்டு வாளி தண்ணி ஊத்திவிடன்.”

திருத்தத்திற்குப் பிறகு அது இப்படி ஆகிவிட்டது: “மகனே, உன் பின்னால் நிற்கும் இந்த மரம் என்ன? இலைகளே இல்லையே. பட்டுப்போய்விட்டதா? இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிடு.” ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘கொச்சை’.

ஐயா, அம்மா, அந்த மரம் எங்கே நிற்கிறது? ‘இது’ என்றால் ஆச்சியின் முற்றத்தில். ‘அது’ என்றால் இருவருக்கும் எட்டாத ஓரிடத்தில். ‘உது’ என்றால்தான் கேட்கிற மகனுக்குப் பக்கத்தில். மகனின் பக்கத்தில் தான் இல்லை, ஒரு மொட்டை மரம்தான் நிற்கிறது என்பதை ஆச்சி ஒரே எழுத்தில் சொல்லிவிட்டார். ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் சொல்வதை நீங்கள்தான் எங்களுக்குப் படிப்பித்தீர்கள். தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்த மூன்றாவது சுட்டை எங்கள் ஆச்சிமார் இன்றும் வாயில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் கொச்சையா?

‘ஊத்திவிடன்’ என்பதில் ஒரு கெஞ்சல் இருக்கிறது. ‘ஊற்றிவிடு’ என்றால் அது கட்டளை. பனிக்காலம் காணாத ஒரு தாய், மகனை நேரே கவனிக்க வழியில்லாமல் அவனுடைய மரத்தைக் கவனிக்கிறார். ‘நான் தனிச்சுப்போனேன்’ என்று ஆச்சியைச் சொல்ல வைக்காமல் விட்டதுதான் அந்தப் பிள்ளையின் கெட்டித்தனம். இதைப் பழக்க எனக்கு ஒரு தவணை எடுத்தது. பிள்ளைகளை இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அனுப்பி, காதில் விழுந்த மூன்று வரியை எழுதிவரச் சொல்வேன். ‘என்றாள்’, ‘கோபமாகச் சொன்னார்’ எதுவும் கூடாது. மற்றப் பிள்ளைகள் கேட்டுவிட்டு, பேசியவர் யார், எத்தனை வயது, விற்கிறவரா வாங்குகிறவரா என்று சொல்லவேண்டும். பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது எழுதும் கதையில் மீன்காரி “அம்மையீர், மீன் வாங்குகின்றீர்களா?” என்று கேட்கிறாள். இதற்குப் புள்ளி கிடைக்கும் போலிருக்கிறது.

இது புதுச் சண்டையும் இல்லை. புலோலியில் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் வெளியிட்ட ‘நானாடகம்’ தொகுப்பில் பாத்திரங்களை யாழ்ப்பாணப் பேச்சிலேயே கதைக்கவிட்டார். பிறகு அறுபதுகளில், பேச்சுத்தமிழில் எழுதியவர்கள்மேல் மரபுப் பண்டிதர்களிடமிருந்து ‘இழிசனர் வழக்கு’ என்ற ஏச்சு வந்தது. யாருடைய பேச்சு இழிந்தது என்று அப்போது யார் தீர்மானித்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கை இந்த ஊர் தீர்த்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மேடையில் மண்வாசனை என்று பேசுவோம், பொன்னாடையும் போர்த்துவோம், பிள்ளை எழுதினால் மட்டும் சிவப்பு மை. போட்டியன்று தேநீர் இடைவேளையில் நடுவர் ஒருவர் “உதிலை இருக்கிற வடைத் தட்டை இஞ்சாலை தாங்கோ” என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. நல்ல யாழ்ப்பாணத் தமிழ். யாரும் திருத்தவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடக் கதைத்துவிட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது சிறிய விஷயம். கதைசொல்லியின் நடையில் பிழை இருந்தால் தாராளமாகப் புள்ளி குறையுங்கள். மட்டக்களப்பில் இருக்கிற ஒருவருக்கு விளங்காத அளவுக்குப் பேச்சைத் திணித்தாலும் குறையுங்கள். மேற்கோள் குறிக்குள் ஒரு பாத்திரம் தன் வாயால் பேசுவதைப் பிழையென்று வெட்டாதீர்கள். அடுத்த போட்டிக்கு முன் புள்ளித்திட்டத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்து, பாடசாலைகளுக்கு எழுத்தில் அறிவியுங்கள். உரையாடல் ஆளைக் காட்டுகிறதா என்பதற்கும் ஐந்து புள்ளி ஒதுக்கினால் நல்லது.

இன்னொரு சின்ன வேண்டுகோள். அந்தத் தாளை, சிவப்பு மையோடேயே என்றாலும், திருப்பித் தந்தால் உதவியாக இருக்கும். அவளிடம் வேறு பிரதி இல்லை. வீட்டில் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டவேண்டுமாம்.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை,
யாழ்ப்பாணம்.