சனிக்கிழமை விருந்து: வைன் கொண்டுவருவோர் கவனத்துக்கு

வணக்கம் மக்களே. சனி இரவு 7 மணி, மெல்பர்ன் லைகன் தெரு, இத்தாலியன் உணவகம். பிஒய்ஓ (நம் பாட்டிலை நாமே கொண்டுபோவது) உண்டு, ஆனால் வைன் மட்டும்தான். பியர், விஸ்கியைப் பையில் திணித்து வராதீர்கள்.

கார்க்கேஜ் (நாம் கொண்டுபோகும் வைனைத் திறந்து பரிமாறக் கடை வாங்கும் கட்டணம்) இந்த முறை பாட்டிலுக்கு 15 டாலர். போன தடவை வேறொரு கடையில் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் பார்த்துத்தான் தெரிந்தது. ஆரஞ்சு ஜூஸ் குடித்தவர்களும் சேர்ந்து அழுதோம்! 12 பேருக்கு நான்கு பாட்டில் தாராளம். 750 மில்லியில் ஐந்து கிளாஸ் வரும்.

கடையின் பட்டியலிலேயே இருக்கும் வைனைத் தூக்கிக்கொண்டு போவது நன்றாயிருக்காது, மெனுவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேசையில் நாமே திறக்க வேண்டாம், பரிமாறுபவரிடம் கொடுத்துவிடலாம். அருமையான பாட்டில் என்றால் அவருக்கும் ஒரு வாய் வேண்டுமா என்று கேளுங்கள்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.05 என்ற வரம்பு நினைவிருக்கட்டும். யார் எதைக் கொண்டுவருகிறீர்கள் என்று வியாழனுக்குள் இங்கே போடுங்கள்.