பழவேற்காட்டுக்கு சைக்கிளில்

ராயபுரம்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்தது. பெண்ணுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. டிவியில் கீழே ஓடுகிற எழுத்தைக்கூட வாசித்துச் சொல்கிறாள். நீ கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறேன், நெடுந்தூரம் ஓட்ட முடியுமா என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் முரளியும் பழவேற்காடு போய்வந்தோம். இங்கிருந்து போக வர 110 கிலோமீட்டர் இருக்கும். சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விடிந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத்தான் திரும்புகிறார்கள். நல்ல சாலை, குறை சொல்லமாட்டேன். ஆனால் வடக்கே பிறந்து வளர்ந்த நாம் வடக்கே ஒரு மிதி மிதித்துப் பார்க்க வேண்டாமா? நம் பக்கத்துச் சாலை உடம்பைப் படுத்தும், நிஜம்தான். ஆனால் அதில் பார்க்கக் கிடைப்பதும் கேட்கக் கிடைப்பதும் வேறெங்கும் கிடையாதுடா.

இருட்டோடு கிளம்பினோம். காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளும் ஏலக் கூச்சலுமாக அந்த நேரத்துக்கே பகல் போல இருந்தது. திருவொற்றியூர் தேரடியில் டீ. நீ ஊரை விட்டுப் போனபோது மெட்ரோ பேச்சே இல்லை. 2021 முதல் விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓடுகிறது. தேரடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் உனக்கு ஊரே அடையாளம் தெரியாது.

மணலி தாண்டியதும் முரளியின் பின் டயர் இறங்கிவிட்டது. கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலையில் இது அடிக்கடி நடக்கும். லாரி டயர் வெடித்தால் உள்ளே இருக்கிற எஃகுக் கம்பி தலைமுடி கனத்தில் உதிர்ந்து ஓரத்தில் கிடக்கும். நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தானே. முரளி அவசரப்படவில்லை. சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவிவிட்டு, டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தான். பாதி சுற்றில் விரல் நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு முனை. நகவெட்டியால் கவ்வி இழுத்தான், அரை அங்குலக் கம்பி வந்தது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். நீ எதை மறந்தாலும் நகவெட்டியை மறக்காதே.

அந்தச் சாலையைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. சென்னைக்குப் பெட்ரோலும் மின்சாரமும் சரக்கும் வருவது இந்தப் பக்கத்திலிருந்துதான். ஆனால் சைக்கிளில் வேலைக்குப் போகிற தொழிலாளிக்கு இரண்டடி ஓரம் விட யாருக்கும் மனம் வரவில்லை. விடியலில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு எத்தனை பேர் லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே போகிறார்கள் தெரியுமா? எங்களுக்காவது அது ஒரு நாள் பாடு.

கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் சற்று நின்றோம். இந்த ஆறுதான் கீழே எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, படகு, வலை, அலையாத்திச் செடி என்று எல்லாம் கறுத்துப் போனதே, அந்த முகத்துவாரம். மேலே தண்ணீர் தெளிவாக ஓடுவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

மீஞ்சூரில் இட்லியும் வடகறியும். பொன்னேரியில் கிழக்கே திரும்பினோம். வழியில் ஒரு அம்மா அவித்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். நெடுந்தூரம் மிதிக்கிறவனுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. பசியும் தாங்கும், வயிற்றையும் கெடுக்காது. கூடவே உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில் இருக்கட்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் மதியத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம், பிறகு நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லைப் பார்த்து முரளி வெகுநேரம் நின்றான். எனக்கு ஏரிக்கரைதான் பிடித்தது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடாக நின்றன. ஒரு சிறு மெஸ்ஸில் மடவைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு படகுத் துறையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர் வலை சீர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் பாடு முறையைப் பற்றிச் சொன்னார். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்களை யாரும் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, முறை வைத்து இடம் மாற்றிக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடத்தில் வலை கட்டியவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். "நல்ல எடம்னு ஒர்த்தனே குந்திக்கினா, மத்தவன் வூட்ல அடுப்பு எரியுமாப்பா?" என்றார். எல்லா ஊருக்கும் எல்லோருக்கும் இதில் பங்கு இல்லை, அதனால் சண்டையும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். வருகிற மீன் வரவரக் குறைகிறது என்றும்.

திரும்பும்போது பொன்னேரி வரைக்கும் கடற்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. தெற்கே திரும்பியதும் அதே காற்று இடது முன்பக்கத்திலிருந்து அறைந்தது. கியரைக் குறைத்தும் சைக்கிள் நகர மறுத்தது. அங்கிருந்துதான் மாற்றி மாற்றி ஓட்டினோம். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான். பின்னால் வருகிறவன் ஒரு முழ இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், கால் பாரம் சட்டென்று இறங்கிவிடும். இடமிருந்து வரும் காற்றுக்கு உண்மையில் வலப்பக்கம் தள்ளி வந்தால்தான் முழு மறைப்புக் கிடைக்கும். ஆனால் வலப்பக்கம் லாரி. அதனால் நேர் பின்னாலேயே வந்தோம், கிடைத்த மறைப்பு போதுமென்று. ஒரு கிலோமீட்டர் முடிந்ததும் முன்னால் இருப்பவன் கையை ஆட்டுவான், மற்றவன் முன்னே வருவான்.

மீஞ்சூருக்குள் நுழையும்போது எனக்கு மூச்சு வாங்கியதை முரளி கவனித்திருக்கிறான். அவன் முறை முடிந்தும் கை ஆட்டவில்லை. அடுத்த கிலோமீட்டர் கல்லும் போயிற்று. நானாக முன்னே போகப் பார்த்தேன். "இருடா, அந்தப் பெரியவர் சொன்னாருல்ல, உன் பங்கை நாளைக்கு எடுத்துக்கோ" என்று கத்தினான். எங்கள் முப்பது வருஷப் பழக்கத்தில் அவன் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறான். ஆனால் அந்தக் காற்றில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மிதித்தபோது வந்த நன்றி வேறு மாதிரி இருந்தது ரவி. வாய்விட்டு அவனிடம் சொல்ல வரவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

ராயபுரம் வந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் லீவு போட்டு வா. அடுத்தது சூலூர்ப்பேட்டை வரைக்கும் போய், ஏரியை ஆந்திரப் பக்கத்திலிருந்து பார்ப்பதாகத் திட்டம். மூன்று பேர் என்றால் ஒருவன் காற்றில் இருக்கும்போது இரண்டு பேருக்கு ஓய்வு. அதற்குள் வாரத்துக்கு மூன்று நாள் இருபது கிலோமீட்டராவது ஓட்டிப் பழகிக்கொள். சீட்டு உயரத்தைச் சரிபார், மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கினால் போதும், ரொம்ப மடங்கினால் மூட்டு வலிக்கும். டயர் ஓரத்தில் அளவு அச்சடித்திருப்பான், அதைப் பார்த்து எழுது. டியூப் நான் இங்கே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
குமார்