ஒலிவ் எண்ணெய்ப் போத்தல் மட்டும் இதயத்தைக் காக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவுமுறை இதயத்துக்கு நல்லதென்று கேள்விப்பட்டு, கொழும்பில் பலர் விலையைப் பாராமல் ஒலிவ் எண்ணெய் வாங்குகிறார்கள். ஆனால் வெள்ளைச் சோறும் தேங்காய்க் கட்டிப்பால் கறியும் குறைவதில்லை. அவற்றோடு இதுவும் சேர்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. நாளுக்கு நான்கு கரண்டி மேலதிகமாகச் சேர்த்தால் இடுப்புச் சுற்றளவுதான் கூடும்.

இந்த உணவுமுறையைச் சோதிக்க ஸ்பெயினில் ஏறத்தாழ 7,400 பேரிடம் நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வு 2013இல் வெளியானது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்த முறையில் குறை கண்டதால் அது மீளப்பெறப்பட்டு, 2018இல் திருத்தி வெளியிடப்பட்டது. முடிவு பெரிதாக மாறவில்லை. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன குழுவோடு ஒப்பிட்டால், இந்த உணவுமுறையோடு ஒலிவ் எண்ணெயும் எடுத்த குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்த்து ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. பக்கவாதத்தில்தான் பயன் தெளிவாக இருந்தது. அங்கே எண்ணெயோடு வேறு அறிவுரைகளும் இருந்தன: பருப்பு, கடலை வகை கிழமைக்கு மூன்று தடவை, மீன் மூன்று தடவை, தினமும் மரக்கறியும் பழமும், இனிப்புப் பானமும் பேக்கரிப் பண்டமும் மிகக் குறைவு.

இவற்றில் பெரும்பகுதி வெள்ளவத்தைச் சந்தையிலேயே கிடைக்கும். சாளையிலும் சூடையிலும் ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு உண்டு; பொரிக்காமல் புளி விட்டுக் காய்ச்சுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், அது மீன் கணக்கில் சேராது. கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல், நல்லெண்ணெயில் 15 சதவீதமளவே. ஆகவே தாளிப்புக்கு நல்லெண்ணெய் போதும். தக்காளி, வெங்காயம், உள்ளியை ஒலிவ் எண்ணெயில் மெல்ல வதக்கிய குழம்புக்கு, உணவுமுறையை எவ்வளவு பின்பற்றினார்கள் என்று அளந்த பட்டியலில் அந்த ஆய்வு தனிப் புள்ளியே கொடுத்தது. பால் விடாத நம் தக்காளிக் குழம்பும் அதற்குக் கிட்டத்தான்.

சோறுதான் பெரிய சிக்கல். குவித்துப் போட்ட வெள்ளைச் சோறு குருதிச் சீனியையும், டிரைகிளிசரைட் என்ற குருதிக் கொழுப்பையும் ஏற்றும். தட்டில் கால்வாசி சிவப்பரிசிச் சோறு, அரைவாசி கீரையும் மரக்கறியும், மீதியில் மீன் அல்லது பருப்பு என்று வையுங்கள். உருளைக்கிழங்குக் கறியை மரக்கறியாக எண்ண வேண்டாம், அது சோற்றின் பங்கு.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்கிளசைட் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனப் பாதியாக்கினால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். முதலில் வைத்தியரிடம் மருந்தளவைக் கேளுங்கள். குருதி உறைவதைத் தடுக்கும் வோபரின் மருந்து எடுப்பவர்கள் கீரையை ஒரு நாள் நிறையச் சாப்பிட்டு மறுநாள் விட்டுவிடாமல், தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும்.

சத்துணவு ஆலோசகர்,
கொழும்பு 6