உன் மேல் தப்பில்லை, மாலதி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அதைவிட, "சுத்தமாகத்தானே இருக்கிறேன், அப்புறம் ஏன்?" என்று கேட்டிருந்தாயே, அந்த வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன் மேல் தப்பில்லை. இத்தனை வருஷமாக லேபில் கல்ச்சர் தட்டுகளை, அதாவது கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டுகளைப் பார்ப்பவள் சொல்கிறேன், நம்பு.

மெக்கான்கி என்ற வகைத் தட்டில் ரோஸ் நிறப் புள்ளிகளாக முளைக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். குடலில் சும்மா கிடக்கிற இனம்தான். ஆனால் அதில் சில வகைகள் சிறுநீர்ப்பைக்குத் தோதான ஆயுதங்களோடு வருகின்றன. பெண்களுக்குச் சிறுநீர் வெளியே வரும் குழாய் 4 செ.மீ. அளவுதான், ஏறி வருவதும் சுலபம்.

அந்தக் கிருமியின் உடம்பு முழுக்க மெல்லிய இழைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஃபிம்-ஹெச் என்ற புரதம், பையின் சுவரில் இருக்கும் மேனோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் வேகமாக ஓடினால் அடித்துக்கொண்டு போய்விட வேண்டாமா? போகாது. இழுக்க இழுக்கப் பிடி இறுகும், ஓட்டம் நின்றால் தளரும். முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் உடம்பும் சும்மா இருப்பதில்லை. சிறுநீரில் யூரோமாடுலின் என்ற புரதத்தை விடுகிறது. அதிலும் அதே மேனோஸ் உண்டு. ஏமாந்து அதைப் பிடிக்கும் கிருமி வெளியே போய்விடும். தப்பியது செல்லுக்குள்ளேயே நுழைந்து கூட்டமாகப் பெருகும். மருந்து அங்கே சரியாக எட்டாது. எலிகளில் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். நோயுற்ற பெண்களின் சிறுநீரிலும் அப்படிப்பட்ட செல்கள் கிடைத்திருக்கின்றன. கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் நோய் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். இதில் உன் சுத்தம் எங்கே வந்தது, சொல்?

இரும்புச்சத்தைத் திருடும் மூலக்கூறுகள், செல்லை ஓட்டை போடும் நஞ்சு என்று அந்தக் கிருமியிடம் இன்னும் உண்டு. சிறுநீரகத்தில் ஒட்டுவதற்கென்றே பி இழை என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதனால் குளிர்ஜுரமோ விலாவில் வலியோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போ.

மிச்சமிருக்கும் பழைய மாத்திரையைப் போடாதே. முதலில் சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடு. எந்தக் கிருமி என்று எனக்கு எழுது. புரோட்டியஸ் என்ற கிருமி என்று வந்தால் சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேள். அது யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரத்தன்மை உள்ளதாக்கிக் கல்லை வளர்க்கும்.

அன்புடன்,
சுமதி