பட்டா இல்லாத நாற்பது ஏக்கர்

சார்ல்ஸ்டன், தெற்கு கரோலினா

அன்புள்ள மல்லிகா,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்ததற்கு என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை. சேகரும் மருமகளும் நலம். பேத்தி இட்லியைக் கண்டால் ஓடுகிறாள், ஊறுகாயை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு நக்குகிறாள். யார் சாயல் என்று உனக்கே தெரியும். நலம் விசாரிப்பு முடிந்தது.

இனி விஷயம். இந்த ஊர்க்கதையை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். வீட்டில் கேட்க ஆள் இல்லை. நான் வாயைத் திறந்தாலே சேகர், "அம்மா, மறுபடியும் உள்நாட்டுப் போரா?" என்று போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறான். நீ வரலாற்று டீச்சர், ஓய்வு பெற்றாலும் தப்பிக்க முடியாது. கேள்.

உன் பாடப்புத்தகத்தில் லிங்கன் சுடப்பட்டதும் அத்தியாயம் முடிந்து 'கோடிட்ட இடங்களை நிரப்புக' வந்துவிடும். அடிமைகள் விடுதலை ஆனார்கள், சுபம். விடுதலையானவன் மறுநாள் காலையில் எங்கே போய்ப் படுத்தான், யார் நிலத்தில் உழுதான் என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. பத்திரப் பதிவு அலுவலகத்திலேயே ஆயுளைக் கழித்தவள் நான், எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

அமெரிக்காவின் வட மாநிலங்களும் பிரிந்துபோன தென் மாநிலங்களும் மோதிய அந்தப் போர் தொடங்கியது இந்த ஊரில்தான். துறைமுக வாயிலில் இருக்கிற சம்ட்டர் கோட்டை மீது 1861 ஏப்ரல் 12 விடியற்காலையில் பீரங்கி வெடித்தது. நான்கு வருடம். ஆறு லட்சத்துக்கு மேல் சாவு. சண்டை அடிமை முறைக்காக இல்லை, மாநில உரிமைக்காக என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இங்கே உண்டு, நம் பக்கத்து வீட்டுப் பெரியவர் உட்பட. பிரிந்துபோகும்போது இந்த மாநிலமே 1860 டிசம்பரில் ஒரு பிரகடனம் வெளியிட்டிருக்கிறது. காரணத்தை அவர்கள் வாயாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்பது அதில் முக்கியமான புகார். அதாவது வட மாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதுதான் இவர்களுக்குக் கோபம்! பெரியவரிடம் இதைச் சொன்னேன். என் இங்கிலீஷ் புரியவில்லை என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

போர் முடிகிற சமயம், 1865 ஜனவரி. வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் பக்கத்து மாநிலத்தில் சவானா நகரத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். கறுப்பின மதபோதகர்கள் 20 பேரைக் கூப்பிட்டு, உங்கள் ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃப்ரேசியர். வயது 67. ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் தானே விலைக்கு வாங்கி மீட்டவர். அவர் சுற்றி வளைக்கவில்லை. நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். அவ்வளவுதான். வடக்கின் பெரிய பெரிய அரசியல்வாதிகளுக்குப் பிடிபடாத விஷயத்தை அந்தக் கிழவர் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நாலு நாளில் ஷெர்மன் உத்தரவு போட்டார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே இருக்கும் தீவுகள், ஆற்றோரத்து நெல் வயல்கள் எல்லாம் கடலிலிருந்து 30 மைல் உள்ளே வரை, ஃப்ளோரிடா எல்லைக்கு அப்பாலும் சேர்த்து, விடுதலையான குடும்பங்களுக்கு. குடும்பத்துக்கு அதிகபட்சம் 40 ஏக்கர். கிட்டத்தட்ட 40,000 பேர் குடியேறினார்கள். (ஆமாம், அந்தக் காலத்தில் இங்கே நெல்தான் பெரும் பணப்பயிர். அந்த வயல்களை வெட்டி, மடை கட்டி, விதைத்தது எல்லாம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த ஜனங்கள். அவர்களுக்குத்தான் நெல் தெரியும். முதலாளிக்கு அரிசி தின்னத்தான் தெரியும்.)

இப்போது நம் ஆபீஸ் புத்தி வேலை செய்கிறது பார். அந்த உத்தரவைத் தேடி எடுத்துப் படித்தேன். கொடுத்தது கிரயமா? இல்லை. தானமா? இல்லை. பட்டா உண்டா? அதுவும் இல்லை. அனுபோக உரிமை மட்டும்! பின்னால் நாடாளுமன்றம் ஒழுங்குபடுத்தும் என்று ஒரு வால். படித்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒண்டிக் கொண்டிருப்பவனுக்கு அனுபோகம், வெளியூரில் இருப்பவன் பெயரில் பத்திரம். இந்த மாதிரிக் கேஸ் எங்கே போய் முடியும் என்று நம் அலுவலக வாசலில் டீ விற்ற அண்ணாச்சிகூடச் சொல்லிவிடுவார்.

அப்படியேதான் முடிந்தது. ஏப்ரலில் லிங்கன் செத்தார். ஆண்ட்ரூ ஜான்சன் ஜனாதிபதி. மே மாதமே பொது மன்னிப்பு அறிவிப்பு: விசுவாசப் பிரமாணம் எடுத்தால் போதும், அடிமைகளைத் தவிர மற்ற சொத்தெல்லாம் திரும்பக் கிடைக்கும். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ள பெரிய பண்ணைக்காரர்கள் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். போட்டார்கள், மன்னிப்பும் கட்டுக்கட்டாகக் கிடைத்தது. மன்னிப்பு கையில் வந்ததும், என் நிலத்தைக் காலி செய் என்று வந்து நின்றார்கள்.

இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் எடிஸ்டோ என்று ஒரு தீவு இருக்கிறது. ஓக் மரங்களும் சதுப்பு நிலமுமாக அழகான இடம். சேகரை நச்சரித்துப் போய்ப் பார்த்தேன். 1865 அக்டோபரில் அங்கே ஒரு தேவாலயத்தில் ஜனங்களைக் கூட்டி வைத்து, நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல ஜெனரல் ஹோவர்டை அனுப்பினார் ஜான்சன். ஹோவர்ட் நல்ல மனுஷன், விடுதலையானவர்களுக்கான அரசுத் துறையின் தலைவர். போரில் வலது கையை இழந்தவர். நல்லவனைத்தான் இந்த மாதிரி வேலைக்கு அனுப்புவார்கள் மல்லிகா, கவனித்திருக்கிறாயா? அவர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டது. ஒரு பெண் துயரப் பாட்டு ஒன்றைத் தொடங்க, எல்லாரும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். பழைய முதலாளிகளை மன்னித்துவிடுங்கள், அவர்களோடு கூலி ஒப்பந்தம் போட்டு வேலை செய்யுங்கள் என்றார் ஹோவர்ட்.

அந்தத் தீவுக்காரர்கள் மூன்று பேர் ஒரு குழுவாக ஹோவர்டுக்கு எழுதிய பதில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. படித்த இரவு நான் தூங்கவில்லை. சாராம்சம் இது: எங்கள் தீவின் நில முதலாளிகளை மன்னிக்கச் சொல்கிறீர்கள். போரில் நீங்கள் இழந்தது வலது கையை மட்டும், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவன், என் அம்மாவையும் சகோதரியையும் துணியை உரித்து அடித்தவன், அவன் சொல்கிற கூலிக்கு உழுதால் ஒழிய அவனுடைய காலிக் குடிசையில்கூட என்னை இருக்க விடாதவன், எனக்கு நிலமிருந்தால் அவன் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று தெரிந்தே, மற்றவர்களோடு கூடிக்கொண்டு எனக்கு நிலம் கிடைக்காமல் செய்கிறவன், அந்த மனிதனை என்னால் அவ்வளவு சுலபமாக மன்னிக்க முடியாது.

எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே குற்றம் என்று சட்டம் போட்டிருந்த மாநிலத்திலிருந்து இப்படி ஒரு கடிதம்! எழுத்துப்பிழை நிறைய உண்டு. நீயாக இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பாய்.

நிலம் போயிற்று. ஆனால் எல்லா இடத்திலும் போகவில்லை, அதுதான் எனக்குக் கிடைத்த புதையல். இன்னும் கொஞ்சம் தெற்கே போஃபர்ட் என்ற ஊர். போர் ஆரம்பித்த வருடமே வடக்குப் படை பிடித்துவிட்ட பகுதி. ஓடிப்போன முதலாளிகள் வரி கட்டவில்லை என்று அரசு அங்கே நிலங்களையும் வீடுகளையும் ஏலம் விட்டது. கறுப்பினத்தவர் காசு சேர்த்து ஏலத்தில் எடுத்தார்கள். முறையான பத்திரம், அரசு முத்திரை. ஜான்சன் வந்தபிறகும் அந்த நிலங்களைப் பெரும்பாலும் அசைக்க முடியவில்லை. ஒரே கடற்கரை, ஒரே ஜனங்கள். ஜெனரல் வாய் நிறையக் கொடுத்தது பறிபோனது, ஏலத்தில் காசு கொடுத்து எடுத்தது நின்றது.

அப்படி எடுத்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ். ஏட்டி, இந்த மனுஷன் கதையை நீ கேட்டே ஆகவேண்டும். 1839இல் போஃபர்டில் முதலாளி வீட்டுப் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தவர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்டர்' என்ற தெற்குப் படையின் நீராவிக் கப்பலில் வேலை. 1862 மே 12 இரவு வெள்ளை அதிகாரிகள் கரைக்குப் போய்த் தூங்க, இவர் கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, மனைவி மக்களை வழியில் ஏற்றிக்கொண்டு, கோட்டைகளுக்குச் சரியான விசில் சமிக்ஞை கொடுத்தபடியே கப்பலை வெளியே ஓட்டிக்கொண்டு போய் வடக்குக் கடற்படையிடம் ஒப்படைத்துவிட்டார். வெள்ளைக்கொடிக்குப் படுக்கை விரிப்பு. அதற்கு வந்த பரிசுப் பணத்தில் இவர் பங்கு 1,500 டாலர். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? தான் பிறந்த அதே முதலாளி வீட்டை வரி ஏலத்தில் வாங்கினார்! பழைய உரிமைக்காரர் தரப்பு வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 1878இல் ஸ்மால்ஸ் ஜெயித்தார். பழைய முதலாளியம்மா வயதாகி நினைவு தப்பி அந்த வீட்டுக்குள்ளேயே வந்தபோது, போகச் சொல்லாமல் தங்க வைத்துப் பார்த்துக்கொண்டார் என்று அவர் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள். வீடு இன்னும் நிற்கிறது. வாசலில் நின்று பார்த்தேன். வேறு யாரோ குடியிருக்கிறார்கள், எட்டிப் பார்க்கக்கூடாது என்று சேகர் கையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

கதை சந்தோஷமாகப் போகிறது என்று நினைக்காதே. 1868இல் இந்த மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் எழுதியவர்களில் ஸ்மால்ஸும் ஒருவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளிக்கூடம் அதில்தான் வந்தது. மாநிலச் சட்டசபையிலேயே கறுப்பினத்தவர் பெரும்பான்மை. ஸ்மால்ஸ் ஐந்து முறை வாஷிங்டனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு பக்கம் இது நடக்க, இன்னொரு பக்கம் துப்பாக்கி. லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில் 1873 ஈஸ்டர் ஞாயிறு அன்று நடந்த கறுப்பினத்தவர் படுகொலையைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். அதே 1873இல்தான் நம் நாட்டில் சாதிக்கொடுமையை எதிர்த்த ஜோதிராவ் ஃபுலே 'குலாம்கிரி' எழுதி, அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்காவின் நல்ல மக்களுக்கு அதைச் சமர்ப்பித்தார். பூனாவிலிருந்து நன்றி போகிறது, இங்கே சரணடைந்தவர்களையும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1876 ஜனாதிபதி தேர்தலில் யார் ஜெயித்தது என்று சண்டை. கடைசியில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கு 185 தேர்வாளர் ஓட்டு, ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184. குடியரசுக் கட்சிக்கு ஜனாதிபதி நாற்காலி கிடைத்தது. தெற்கில் அரசு மாளிகைகளுக்குக் காவல் நின்ற படை 1877இல் வாபஸ். இரண்டு பக்கத்து வெள்ளைக்காரர்களும் கை குலுக்கிக்கொண்டார்கள், நாடு ஒன்றாகிவிட்டது என்றார்கள். யார் செலவில் என்று யாரும் கேட்கவில்லை.

1895இல் கறுப்பினத்தவர் ஓட்டைப் பறிக்கவே இன்னொரு அரசியல் சட்ட மாநாடு கூட்டினார்கள். உள்ளே ஸ்மால்ஸோடு சேர்த்து ஆறே ஆறு கறுப்பினப் பிரதிநிதிகள். என் இனத்துக்காகத் தனியாக வாதாட வேண்டியதில்லை, வாழ்க்கைப் போராட்டத்தில் சம வாய்ப்புக் கொடுத்தால் போதும் என்று அங்கே பேசினார். கடைசியில் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். போடாவிட்டால் பயணப்படி இல்லை என்றார்களாம், நடந்தே வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாராம்.

ஏலத்தில் வாங்கிய நிலத்துக்கும் பின்னால் வேறு வழியில் ஆபத்து வந்தது. பெரியவர்கள் உயில் எழுதாமல் செத்தார்கள். மூன்று தலைமுறையில் ஒரே நிலத்துக்கு ஐம்பது வாரிசு. தீவுகளில் ரிசார்ட்டும் கால்ஃப் மைதானமும் வந்தபோது, எங்கோ வெளியூரில் இருக்கிற ஒரு வாரிசின் பங்கை ஒரு கம்பெனி வாங்கும், பாகம் பிரிக்க வழக்குப் போடும், மொத்த நிலமும் ஏலத்துக்கு வரும், அதே கம்பெனி எடுக்கும். 2016இல்தான் இதைக் கொஞ்சம் கட்டுப்படுத்த இந்த மாநிலம் சட்டம் போட்டது.

இப்போது உன் விஷயம். தம்பி உன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறான், சித்தப்பா "பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்துடு, குடும்பம் ஒண்ணா இருக்கணும்" என்கிறார் என்று எழுதியிருந்தாய். உன் தம்பி ஆண்ட்ரூ ஜான்சன் இல்லை. சவுக்கடி பட்டவர்களின் கதையை உங்கள் ஓட்டு வீட்டோடு சேர்த்துப் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சித்தப்பா இதுவரை தம்பியிடம் எதையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறாரா? அப்பா உயில் எழுதவில்லை, சட்டப்படி உனக்குச் சம பங்கு. முதலில் வில்லங்கச் சான்று எடு. மூலப் பத்திரத்தின் நகல் உன் கையில் இருக்கட்டும். பாகப்பிரிவினை முறைப்படி பதிவாகட்டும். அதற்கப்புறம் உனக்குக் கொடுக்க மனசிருந்தால் தாராளமாகக் கொடு, அது உன் இஷ்டம். அதுவரை கல்யாண வீட்டிலோ திவசத்திலோ யார் பேனாவை நீட்டினாலும் கண்ணாடியைக் காணோம் என்று சொல்லிவிடு. நீதான் இதில் கைதேர்ந்தவளாயிற்றே, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு என்ன செய்தாய் என்று மறந்தா போய்விட்டேன்.

மாசி கொடை முடிவதற்குள் ஊர் வந்துவிடுவேன். மருமகள் உனக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்து வைத்திருக்கிறாள், பாளையங்கோட்டை வெயிலில் என்ன செய்யப்போகிறாயோ. ராஜம்மா மிஸ்ஸைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். கேசரி விஷயத்தை மட்டும் அவர்களிடம் கிளப்பாதே, இன்னும் கோபம் ஆறியிருக்காது.

உன்,
விசாலம்