தகர டப்பாவில் 31 வண்டிகள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலவேதான். சென்ற மாதம் மருமகள் பேசியபோது, நீ பழைய பொம்மைக் கார்களைத் தேடித் தேடி வாங்குவதாகவும், எல்லோரும் உறங்கிய பிறகு அவற்றை மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குத்தான் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

வாங்குவதில் தவறில்லை. பார்த்து வாங்கு. எந்த வண்டியானாலும் முதலில் கவிழ்த்து அடித்தகட்டைப் பார். அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி துளைக்கப்பட்டிருந்தால், யாரோ பிரித்துப் புதுச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். மேட்ச்பாக்ஸ் வண்டிகளைச் செய்த லெஸ்னி நிறுவனம் 1982இல் நொடித்துப்போனது. பழைய வண்டிதானா என்று அறிய, அந்தப் பெயர் அடியில் வார்க்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார். சக்கரத்தையும் பார். 1968இல் ஹாட் வீல்ஸ் என்ற போட்டி வண்டிகள் வந்து தரையில் வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியதும், அதற்கு ஈடுகொடுக்க மறு ஆண்டே மேட்ச்பாக்ஸும் வேகமாக ஓடும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரங்களுக்கு மாறியது. உனக்குப் பிடித்தவை அதற்கு முந்தைய, கையால் தள்ளினால் மட்டும் மெதுவாக உருளும் வண்டிகள்தாம் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்ற பொம்மை வண்டிகளில் ஆசை வைக்காதே. துத்தநாகக் கலவையை உருக்கி வார்க்கும்போது அதில் சிறிதளவு ஈயம் சேர்ந்துவிட்டால், புதிதுபோலத் தெரியும் வண்டிகூடப் பல ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தே வெடிப்பு விட்டு, வீங்கி, கையில் எடுக்கும்போது பொடிந்துவிடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஈரம் பட்டால் இன்னும் விரைவாகக் கெடும். ஆகையால் ஈரமில்லாத இடத்தில், வெயில் படாமல் வை. இரவில் நேரத்தோடு உறங்கு.

எட்டு வயதில் நீ ஒரு பேருந்தையும் ஒரு காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஏன் ஒரே நீளம் என்று கேட்டாய். எனக்கு விடை தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து நீயே வந்து, எல்லாமே ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டுமே, அதனால்தான் என்று சொன்னாய். அன்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னிடம் மட்டும் ஒரு பாராட்டும் சொல்லவில்லை. அவ்வளவு கூர்மையாகக் கவனித்த பிள்ளை, பெற்றவர்கள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை எப்படிக் கவனிக்காமல் இருக்கிறாய் என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை. ஈரம் படாமல் வை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

பெரியப்பா கொடுத்த சாலை உருளை உனக்கு மறந்திருக்காது. பச்சை உடலும் சிவப்பு உருளைகளுமாக இருக்கும், மேட்ச்பாக்ஸ் வரிசையின் முதலாம் எண் அது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று பள்ளியில் விதி இருந்ததால், லெஸ்னியின் ஜாக் ஓடெல் தம் மகளுக்காக ஒரு சாலை உருளையை அந்த அளவுக்குச் சிறிதாக்கிச் செய்துகொடுத்தார் என்பதும், 1953இல் மேட்ச்பாக்ஸ் வரிசை அதிலிருந்தே தொடங்கியது என்பதும் நான் உனக்கு எத்தனையோ முறை சொன்ன கதை. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குச் செய்த காரியம் என்று பெருமையாகச் சொல்வேன். இப்போது அந்தக் கதையை நினைத்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பி, உன் வண்டிகளையெல்லாம் நீ போட்டு வைத்திருந்த அந்தத் தகர டப்பா, வீடு மாற்றியபோது லாரியில் தொலையவில்லை. உன் அரைப் பரீட்சை மதிப்பெண்கள் வந்த வாரத்தில், உன் கவனமெல்லாம் பொம்மையில் போகிறது என்று நானே முடிவு செய்து, நீ பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்துக்கொண்டுபோய் அலுவலக நண்பர் ஒருவரின் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். சாமான்கள் வந்து இறங்கிய பிறகு நீ ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துத் தேடினாய், பாத்திர மூட்டையைக்கூட விடவில்லை. நானும் உன்னோடு தரையில் உட்கார்ந்து தேடுவதுபோல் நடித்தேன். மூன்றாம் நாள் நீ என் தோளைத் தொட்டு, "போகட்டும் அப்பா, விடுங்கள்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கே சென்ற வாரம்தான் தெரியும்.

அந்தப் பிள்ளையின் வீட்டார் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். கேட்டுப் பார்த்துவிட்டேன், எதுவும் மிஞ்சவில்லை. நீ இரவில் தேடுவது அந்த 31 வண்டிகளைத்தானா, வேறு ஏதேனும் மனச்சுமையால் உறக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நீ சொல்லலாம். நான் இடையில் அறிவுரை சொல்ல மாட்டேன்.

நினைவில் இருக்கும் வண்டிகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கூரை திறந்து ஆளைத் தூக்கி எறியும் கார்கி நிறுவனத்தின் தங்க நிற ஆஸ்டன் மார்ட்டினும், நீ கட்டிலுக்கடியில் ஒரு மாலை முழுவதும் தேடிய அதன் குட்டி மனிதனும் பட்டியலில் இருக்கிறார்கள். 28 வந்துவிட்டன. மீதி மூன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நீ கூப்பிட்டுச் சொன்னால் எழுதிக்கொள்வேன்.

அன்புடன்,
அப்பா